அது மரங்கொத்தி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் ‘மரங்கொத்தியைக் கடித்துக் குதறும் நாய்கள்’ என்று ஒரு பெட்டிச் செய்தி வந்திருந்தது. அமெரிக்காவில் இலையுதிர்காலம் வந்துவிட்டால் ஆட்கள் நாயை ஏவி மரங்கொத்திகளைக் கணக்கில்லாமல் கொன்று குவிக்கிறார்களாம். பக்கத்தில் சிவப்புக் கொண்டையோடு ஒரு மரங்கொத்தி, நல்ல வண்ணப்படம். ஊரிலிருந்து என் தங்கை அதை வாட்ஸ்அப்பில் அனுப்பி, “அண்ணே, நீ சனிக்கிழமை சனிக்கிழமை போறது இதுக்குத்தானா?” என்று கேட்டிருந்தாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஆமாம், போவது இதற்குத்தான். ஆனால் அது மரங்கொத்தி அல்ல. மொழிபெயர்த்தவர் ‘உட்காக்’ என்ற பெயரில் ‘உட்’டைப் பார்த்ததும் ‘உட்பெக்கர்’ என்று எடுத்துக்கொண்டுவிட்டார் போலிருக்கிறது. மரங்கொத்தியை இங்கே சுட்டால் வழக்கு, அபராதம். 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டம் அதற்குக் காவல் இருக்கிறது. உட்காக் மரத்தைக் கொத்தாது. தரையில், சருகுக்குள், ஈரமண் பார்த்துக் கிடக்கிற பறவை அது. நம் வயல்வெளி உள்ளானுக்குப் பெரியப்பா மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக்காரன். ஐப்பசி, கார்த்திகையில் சம்பா வயலில் தண்ணீர் நிற்கும்போது வரப்பில் நடந்தால், காலடியிலிருந்து துணி கிழிகிற சத்தத்தோடு உள்ளான் எழும்பி, கோணல்மாணலாகப் பறந்து நாலு வயல் தள்ளி இறங்கும். கல்லால் அடிக்கப் பார்ப்போம், ஒருநாளும் பட்டதில்லை. இப்போது இருப்பது மிச்சிகன் மாநிலத்தில் லான்சிங் பக்கம். கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தர ஆய்வாளர் வேலை, அடுத்த வருடம் ஓய்வு. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தவறினாலும் திருப்பி அனுப்புகிற வேலையில் இருந்தவன், பறவையையே மாற்றிப் போட்டால் எப்படிச் சும்மா இருப்பேன்?

முதலில் பறவையைச் சொல்லிவிடுகிறேன். ஆண் ஏறக்குறைய 170 கிராம், பெண் 200 கிராமுக்கு மேல். கழுத்தே இல்லாத மாதிரி உருண்டை உடம்பு, காய்ந்த இலையும் நிழலும் கலந்த நிறம். ஏழு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு அலகு. அந்த அலகின் நுனி மட்டும் தனியாகத் திறக்கும். வாய் முழுவதையும் திறக்காமலே, மண்ணுக்குள் விட்டபடியே மண்புழுவை நுனியால் பற்றி இழுத்துவிடும். கண் இரண்டும் தலையின் பின்பக்கமாகப் போய் உட்கார்ந்திருக்கும். குனிந்து தின்னும்போதே மேலேயும் பின்னாலேயும் பார்த்துக்கொள்ளும். கண்கள் அப்படி நகர்ந்ததில் மூளையே கிட்டத்தட்டத் தலைகீழாகக் கவிழ்ந்து கிடக்கிறது என்கிறார்கள். காதோ கண்ணுக்கு முன்னால். கடவுள் சனிக்கிழமை சாயங்காலம் மிச்சமிருந்த உதிரிகளை வைத்து அவசரமாகப் பூட்டிய பறவை என்று எனக்குத் தோன்றும். எங்கள் ஆய்வு மேசையில் தேறாது. ஆனால் ஓடுகிற வண்டி அது. நவம்பரில் மண் உறைந்து புழு கீழே போவதற்குள், ராத்திரியோடு ராத்திரியாகப் பறந்து லூசியானா பக்கம் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

சரி, நாய் விஷயத்துக்கு வருகிறேன். செய்தியில் ரொம்ப நோகவைத்த வார்த்தை அந்தக் ‘கடித்துக் குதறும்’தான்.

நாய் முதலில் என்னுடையது அல்ல. பக்கத்து வீட்டுக்காரருடையது. தபால்துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், எழுபத்தி நாலு வயது. இரண்டு முழங்காலிலும் அறுவைச் சிகிச்சை ஆனபின் காட்டுக்குள் நடக்க முடியவில்லை. இங்கிலீஷ் செட்டர் வகைப் பெண் நாய், வெள்ளை உடம்பில் கரும்புள்ளி, வாலில் சாமரம் மாதிரி முடி. அவர் வைத்த பெயர் ‘பெல்’. ஆறு மாத விசாவில் வந்திருந்த என் அம்மா, “பெல்லாம் பெல்லு, மணின்னு கூப்பிட என்ன கேடு?” என்று மாற்றிவிட்டார். அர்த்தம் ஒன்றுதான் என்று சொன்னதும் கிழவருக்கு ஒரே சந்தோஷம். இப்போது இரண்டு பெயருக்கும் வாலாட்டுகிறது. முதல் வருடம் நான் வெறுமனே நாயை நடத்திக்கொண்டு போய் வந்தேன். இரண்டாவது வருடம் அவருடைய பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியைக் கையில் கொடுத்துவிட்டார். இந்த மாநிலத்தில் 1960இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் பாதுகாப்புப் பாடம் படித்துத் தேறினால்தான் உரிமம். பன்னிரண்டு வயதுப் பையன்கள் இருபது பேருக்கு நடுவில் உட்கார்ந்து பரீட்சை எழுதினேன். ஒரு கேள்வி தப்பு.

நம் ஊரில் வேட்டை நாய் என்றால் கன்னியும் சிப்பிப்பாறையும்தான் நினைவுக்கு வரும். முயலைக் கண்ணால் பார்த்துத் துரத்தி, ஓடிப் பிடிக்கிற நாய்கள். அந்த நினைப்பிலேயே இதையும் எழுதிவிட்டார்கள். மணிக்கு வேலை அதற்கு நேர் எதிர். மூக்கால் தேட வேண்டும். வாசம் கிடைத்த இடத்தில் சிலையாக நின்றுவிட வேண்டும். பாயக் கூடாது. குரைக்கக் கூடாது. பறவைக்கும் தனக்கும் நாலைந்து அடி இருக்கும்போதே நின்று, ஆள் வந்து சேரும்வரை நிற்க வேண்டும். இதற்குப் பெயர் ‘பாயிண்ட்’.

புதர் அடர்ந்த காட்டில் நாய் கண்ணுக்குத் தெரியாது. அதனால் கழுத்தில் ஒரு பித்தளை மணி. மணியின் மணி ஒலித்துக்கொண்டிருக்கும்வரை கவலை இல்லை, தேடிக்கொண்டிருக்கிறது. நின்றுவிட்டால்தான் விஷயம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமையைச் சொல்கிறேன். 127ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே இரண்டரை மணி நேரம், கிரேலிங் ஊர்ப் பக்கம். அரசுக் காடு, உரிமம் உள்ள யாரும் போகலாம். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் வெட்டிவிட்ட ஆஸ்பென் மரங்கள் வேரிலிருந்து மறுபடி துளிர்த்து, கைத்தடிப் பருமனில் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. நுழைந்தால் முகத்தில் குச்சி, தொடையில் முள். காலை உறைபனி விட்டு, சருகு ஈரமாகி, வாசம் எழும்புகிற நேரம். முதுகுப் பையில், அதாவது சுட்ட பறவையைப் போடுவதற்கென்று சட்டையிலேயே தைத்திருக்கிற பையில், தயிர்சாதமும் நார்த்தங்காய் ஊறுகாயும் வைத்திருந்தேன். அன்றைக்குக் கடைசிவரை அதில் இருந்தது அது மட்டுந்தான்.

ஓடைக்கரையில் இலைமேல் சுண்ணாம்பு தெறித்த மாதிரி வெள்ளை எச்சம், பெரிய நாணயம் அளவுக்கு. பக்கத்துச் சேற்றில் பென்சிலால் குத்திய மாதிரி ஏழெட்டுத் துளை. ராத்திரி மேய்ந்திருக்கிறது. மணிச்சத்தம் இடது கைப்பக்கம் போனது, திரும்பியது, கொஞ்சம் வேகம் குறைந்தது. ஒரு கிணுக். அப்புறம் ஒன்றும் இல்லை.

அந்த அமைதியை எப்படிச் சொல்வது! கோயிலில் தீபாராதனை முடிந்து மணி அடிப்பவர் சட்டென்று கயிற்றை விட்டதும் காதுக்குள் ஒன்று நிற்குமே, அது. குனிந்து குனிந்து போனேன். மணி ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி, கழுத்தை வலப்பக்கம் ஒடித்து, வாலை நட்டக்குத்தலாக வைத்து நின்றது. மூச்சு மட்டும் விலாவில் ஓடுகிறது. மீசை முடியில் பனித்துளி. அது பார்க்கிற இடத்தில் நானும் பார்த்தேன்: சருகு, ஒரு காய்ந்த பெரணி, மறுபடி சருகு. பத்து நொடி ஆகியிருக்கும். சருகில் ஒரு கண் இருந்தது. கறுப்பாக, பளபளவென்று, என்னையே பார்த்துக்கொண்டு. கண்ணைக் கண்டபிறகுதான் அதைச் சுற்றிப் பறவை வந்தது, முதுகு, அலகு, எல்லாம்.

ஒரு அடி வைத்தேன். எழும்பிவிட்டது. இறக்கையின் ஓரத்து மூன்று இறகுகள் ஒடுங்கலாக இருப்பதால் எழும்போது சீழ்க்கை மாதிரி ஒரு கிறீச்சொலி வரும். வாயிலிருந்து அல்ல, காற்று இறகில் பட்டு. நேராக மேலே போய், மர நுனியில் ஒரு கணம் தொங்கி, பிறகு சாய்ந்து பறக்கும். அந்தத் தொங்குகிற கணத்தில்தான் சுட வேண்டுமாம். நான் சுட்டபோது அது போய்ச் சாய்ந்திருந்தது. ஒரு ஆஸ்பென் கிளை விழுந்தது. மணி திரும்பி என்னைப் பார்த்தது பாருங்கள், என் மேலதிகாரிகூட முப்பது வருடத்தில் அப்படிப் பார்த்ததில்லை.

மூன்று இலையுதிர்காலத்தில் நான் வீழ்த்தியது ஏழு. ‘கொன்று குவிக்கிறார்கள்’ என்ற வரியைப் படித்தபோது எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த ஏழில் சேராத எட்டாவது ஒன்று உண்டு. அதையும் சொல்லாமல் விட்டால் நியாயமாக இருக்காது. இரண்டாம் வருடம், ஆல்டர் புதர்க் காட்டில். அடிபட்டது தெரிந்தது, ஒரு கால் தொங்க, தாழ்வாகப் பறந்து ஓடைக்கு அந்தப் பக்கம் இறங்கியது. மணியை விட்டு ஒரு மணி நேரம் தேடினோம். இந்தப் பறவையின் வாசம் நிறைய நாய்களுக்குப் பிடிக்காது. கண்டுபிடிக்கும், வாயில் எடுக்க அருவருக்கும். மணியும் அப்படித்தான், எடுத்துவிட்டு உடனே துப்பிவிடும். அன்று கண்டுபிடிக்கவே இல்லை. அதை அன்றைய கணக்கில் ஏற்றிக்கொண்டு, துப்பாக்கியை மடக்கிக் காரில் வைத்துவிட்டு வந்தேன். கிழவரிடம் சொன்னபோது அவர் சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. தனக்கும் அப்படி மூன்று உண்டு என்று, எந்த எந்த ஓடை என்று இடம் சொல்லிச் சொன்னார். இதில் கொலை இல்லை என்று நான் வாதாட வரவில்லை. வாரத்துக்கு ஒரு கிலோ கடைக்கோழி வாங்குகிறவன் நான். அந்தக் கோழி எதன் கண்ணையும் நான் பார்த்ததில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அது நல்ல வித்தியாசமா கெட்டதா என்று இன்னும் தீர்மானமாகத் தெரியவில்லை.

கணக்கில்லாமல் என்கிறீர்கள். இதைப் போலக் கணக்குப் பார்க்கிற காரியம் குறைவு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்று பறவை, வருடத்தில் 45 நாள்தான் பருவம். துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் கொள்ளக் கூடாது. சூரியன் மறைந்தபிறகு கூடாது. விற்கவே கூடாது, ஒன்றைக்கூட. அதுதான் பெரிய விஷயம்: ஒரு காலத்தில் நியூயார்க் உணவகங்களுக்குக் கூடை கூடையாகப் போய்க்கொண்டிருந்த பறவை இது. விற்பனையை நிறுத்தியபிறகுதான் தப்பித்தது. வாங்குகிற வேட்டைத் துப்பாக்கி, தோட்டா ஒவ்வொன்றிலும் 11 சதவீதம் வரி, 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி காட்டுயிர்ப் பாதுகாப்புக்குத்தான் போகிறது.

இறக்கைக் கதை இன்னும் வேடிக்கை. மத்திய அரசின் வனவுயிர்த் துறை, வேட்டைக்காரர்களில் சிலருக்குத் தபால்தலை ஒட்டத் தேவையில்லாத உறைகளை அனுப்பி வைக்கும். சுட்ட ஒவ்வொரு பறவையின் ஒரு இறக்கையையும் அதில் போட்டு, தேதியும் இடமும் எழுதி அனுப்ப வேண்டும். உயிரியலாளர்கள் கூடி உட்கார்ந்து இறகைப் பார்த்தே இது ஆண், இது பெண், இது இந்த வருடக் குஞ்சு என்று பிரித்துவிடுவார்கள். ஒரு தாய்க்கு எத்தனை குஞ்சு என்று அதிலிருந்து தெரியும், அந்த வருடம் இனப்பெருக்கம் எப்படி என்று தெரியும். என் பக்கத்து வீட்டுக்காரர் முப்பது வருடம் அந்த உறைகளைத் தபால் வண்டியிலும் ஏற்றியிருக்கிறார், தன் வீட்டிலிருந்தும் அனுப்பியிருக்கிறார். நான் முதல் உறையை ஒட்டியபோது நாக்கால் நனைக்காதே என்று மட்டும் சொன்னார்.

வசந்தத்தில் இன்னொரு கணக்கு. அந்தி மங்கும்போது ஆண் பறவை வெட்டவெளியில் இறங்கி ‘பீஈண்ட், பீஈண்ட்’ என்று மூக்கடைத்த குரலில் கூப்பிட்டுவிட்டு, சுற்றிச் சுற்றி மேலே ஏறி, கீச்சிட்டுக்கொண்டே இலை விழுகிற மாதிரி இறங்கும். பெட்டைக்கான ஆட்டம். சாலையோரம் பத்து இடத்தில் காரை நிறுத்தி, ஒவ்வோர் இடத்திலும் இரண்டு நிமிடம் நின்று எத்தனை குரல் என்று எண்ண வேண்டும். 1968 முதல் வருடந்தோறும் இப்படி எண்ணுகிறார்கள். ஏப்ரலில் கிழவரோடு ஒருமுறை போனேன். எட்டாவது நிறுத்தத்தில் அவருக்குக் காது கேட்கவில்லை, நான்தான் விரல் விட்டேன். நாலு.

அந்த எண்ணிக்கை நெடுங்காலமாகக் குறைந்துகொண்டுதான் வருகிறது, வருடத்துக்கு ஒரு சதவீதத்துக்கும் சற்றுக் குறைவாக. உங்கள் செய்தியாளர் இதை எழுதியிருந்தால் நான் கைதட்டியிருப்பேன். முக்கியக் காரணமாகச் சொல்லப்படுவது துப்பாக்கி அல்ல, காடு முதிர்ந்துவிட்டது. நம் காதுக்கு இது விசித்திரமாக இருக்கும். காட்டை வெட்டாததால் பறவை குறையுமா? இந்தப் பறவைக்கு இளங்காடு வேண்டும். ஆஸ்பென் வெட்டி ஐந்து முதல் இருபது வருடத்துக்குள், பருந்து உள்ளே நுழைய முடியாத நெருக்கமும், அடியில் நடமாட வெறும் மண்ணும் இருக்கிற காடு. பழைய காலத்தில் தீயும் புயலும் அதைச் செய்துகொடுத்தன. இப்போது தீயை அணைத்துவிடுகிறோம், கைவிட்ட வயல்களெல்லாம் பெருமரக் காடாகிவிட்டன, மிச்சத்தில் வீடு. அதே கிரேலிங் பக்கத்தில் கர்ட்லாண்ட் கதிர்க்குருவி என்று ஒன்று இளம் பைன் மரத்தடியில்தான் கூடு கட்டும். அழியப்போகிறது என்றிருந்ததை, திட்டமிட்டு வெட்டி, திரும்ப நட்டு, 2019இல் ஆபத்துப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். உட்காக்குக்கும் அப்படி வெட்டுகிற இடங்கள் உண்டு. அந்த வெட்டுக்குப் பணமும் ஆளும் திரட்டுகிறவர்களில் நாய் வைத்திருப்பவர்களும் உண்டு.

இன்னொன்று, சொல்லாமல் இருக்க முடியவில்லை. அது தின்கிற மண்புழுவே இந்த ஊர்ச் சரக்கு அல்ல. பனியுகத்துப் பனிப்பாறை இந்தப் பக்கத்து மண்புழுவையெல்லாம் துடைத்துவிட்டது. இப்போது நெளிவது ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்களின் செடித்தொட்டியிலும் கப்பல் மண்ணிலும் வந்த வாரிசு. என்னைப் போலத்தான், வந்து ஒட்டிக்கொண்டது.

கறி எப்படி என்று தங்கை கேட்டாள். கோழிக்கு நேர்மாறு: மார்பு கறுப்பு, கால் வெள்ளை. ஈரல் வாடை கொஞ்சம் தூக்கல். மிளகும் சின்ன வெங்காயமும் தட்டிப் போட்டு வதக்கினால் சரியாகிவிடும். அம்மா ஒரு வாய் தின்றுவிட்டு “உள்ளான்தான்டா இது” என்றார், பல்லில் ஈயக்குண்டு ஒன்று மாட்டி அதைத் துப்பிக்கொண்டே. அவ்வளவு ஆராய்ச்சிக்குப் பிறகு நான் கண்டுபிடித்ததை அவர் நாக்கிலேயே கண்டுபிடித்துவிட்டார். இதைப் படித்துவிட்டு ஊரில் யாரும் வயலில் கண்ணி வைக்கக் கிளம்ப வேண்டாம். அங்கே 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளானைத் தொடுவது குற்றம். அது சரியான சட்டம்தான். அதே ஊரில் அந்த உள்ளான் இன்று எத்தனை வருகிறது என்பதை என் தங்கையிடம் கேட்டால் தெரியும்.

பெயர் விஷயம். உள்ளான் என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது. உட்காக்கின் இதே பேரினத்து ஐரோப்பிய ஆசியச் சகோதரன் குளிர்காலத்தில் நீலகிரிச் சோலைகளுக்கு வருகிறது. ஊட்டியில் இருந்த வெள்ளைக்காரர்கள் அதை வேட்டையாடியிருக்கிறார்கள். ஆகையால் நமக்கு முன்பின் தெரியாத பறவை என்று சொல்லவும் முடியாது. ‘காட்டு உள்ளான்’ என்று போட்டால் போதும், படிக்கிறவருக்குப் பாதி உருவம் வந்துவிடும். இன்னும் நல்ல சொல் பறவை பார்ப்பவர்களிடம் இருந்தால் அதையே போடுங்கள். மரங்கொத்தி மட்டும் வேண்டாம்.

திருத்தம் வெளியிடுவதானால் படம் நான் தருகிறேன், கைபேசியில் நானே எடுத்தது. பறவை நடுவில் இருக்கிறது, கண்ணை வைத்துத் தேடினால் கிடைக்கும். ஓரத்தில் மணியின் வால் குறுக்கே வந்துவிட்டது. இடம் போதாவிட்டால் அதை வெட்டிக்கொள்ளலாம். கிழவரிடம் மட்டும் சொல்லாதீர்கள்.

தங்கள் வாசகன்,
திருத்துறைப்பூண்டிக்காரன்
லான்சிங், மிச்சிகன்